மார்க் வரிசையில் உட்கார வைக்கிறார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம். என் மகள் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். வாராவாரம் டெஸ்ட் வைத்து, மார்க் வரிசைப்படி உட்கார வைக்கிறார்கள். போன வாரம் கெமிஸ்ட்ரியில் மார்க் குறைந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அன்று டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்கு வந்தது. எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. ராத்திரி அவள் நோட்டைப் பார்த்தேன். ஓரமெல்லாம் தன் சராசரியை அடித்து அடித்துக் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. வகுப்பறைக்குள் மட்டும் ரேங்க் ஒழியவில்லை. உட்காரும் இடத்தை வைத்துப் பிள்ளையை அவமானப்படுத்துவது படிப்பே இல்லை.

வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். "நீட்டுக்கு இதெல்லாம் பழகணுங்க" என்றார். அவள் நீட் எழுதப் போவதே இல்லை, தாவரவியல் படிக்கத்தான் ஆசைப்படுகிறாள்.

பள்ளியில் பேசி இதை மாற்ற வைத்த பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? தனியாகப் போனீர்களா, நாலைந்து பேர் சேர்ந்து போனீர்களா? எழுத்தில் கொடுத்தீர்களா? ஆசிரியர்களாக இருப்பவர்களும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.