புத்தகத்தில் போட்டபடி இல்லாத கை நரம்பு: நீங்கள் பார்த்தது என்ன?

மருத்துவ மாணவி:

டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது தானமாக வந்த உடலைப் பிரித்துப் படிக்கும் கூடத்தில், எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். இதுபோல் பார்த்தவர்கள், தங்கள் கையிலேயே இப்படி இருப்பதாகத் தெரிந்துகொண்டவர்கள் எழுதுங்கள்.

மேல்கையைப் பிரித்துப் பார்க்கும் வாரம் அது. முழங்கையை மடக்கும் தசைகளுக்குப் போகும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பை அடையாளம் காண எங்களுக்குச் சொல்லித் தந்த வழி எளிது: மேல்கையின் உட்புறமுள்ள கோரகோபிராக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போவது எதுவோ, அதுதான். அதைப் பிடித்துவிட்டால் மீடியன் (கட்டைவிரல் பக்கம் போவது), அல்நார் (சுண்டுவிரல் பக்கம் போவது) நரம்புகளோடு சேர்ந்து அக்குள் தமனியின் முன்னால் ஆங்கில எம் எழுத்து போன்ற வடிவம் தெரியும். அப்புறம் மற்றவை தானாகப் பிடிபடும். எங்கள் மேசையில் அந்தத் தசையைச் சுற்றிலும் சுத்தம் செய்து பார்த்துவிட்டோம். துளைத்துப் போவது எதுவுமே இல்லை. கொழுப்பை எடுக்கும்போது நரம்பையும் சேர்த்து அறுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒருவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன உடல் அது. கை நடுங்கிவிட்டது.

பேராசிரியர் வந்தார், கோபப்படவில்லை. கைக்கு வரும் நரம்புகள் கலந்து பிரியும் பின்னலின் வெளிப்பக்கக் கற்றையிலிருந்து ஃபோர்செப்ஸ் நுனியால் மெல்லத் தொடர்ந்துகொண்டே இறங்கினார். வழக்கமாக அந்தக் கற்றை இரண்டாகப் பிரியும்: ஒன்று மஸ்குலோகியூட்டேனியஸ், இன்னொன்று மீடியன் நரம்பின் வெளிவேர். இங்கே அது பிரியவே இல்லை. முழுவதும் மீடியனோடு சேர்ந்து, வழக்கத்தைவிடத் தடித்த ஒரே நரம்பாக இறங்கியது. அதிலிருந்தே கோரகோபிராக்கியாலிஸுக்கு ஒரு கிளை, முழங்கையை மடக்கும் தசைகளான பைசெப்ஸுக்கு ஒன்று, பிராக்கியாலிஸுக்கு ஒன்று. கடைசிக் கிளையின் தொடர்ச்சியாக முன்கையின் வெளிப்புறத் தோலுக்குப் போகும் நரம்பும் இருந்தது. எதுவும் தொலைந்துபோகவில்லை, வந்த வழிதான் வேறு. அதே உடலின் வலது கையில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது.

கருவின் 5ஆவது வாரத்தில் கைமொட்டுக்குள் நரம்பு இழைகள் நுழைகின்றன. சுற்றியுள்ள திசு தரும் வேதிக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றும் தன் தசையைத் தேடிப் போகிறது. எந்த இழைகள் ஒரே உறைக்குள் சேர்ந்து பயணம் செய்கின்றன என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருகிறது என்று அவர் விளக்கினார். மீடியனுக்கும் மஸ்குலோகியூட்டேனியஸுக்கும் இடையிலான இந்தக் கலப்புகளை 1990இல் லெ மினோர் என்ற ஆய்வாளர் 5 வகையாகப் பிரித்திருக்கிறார். நாங்கள் பார்த்தது 5ஆவது வகை, மஸ்குலோகியூட்டேனியஸ் தனி நரம்பாகவே இல்லாதது.

அன்று பேராசிரியர் கேட்ட கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது. இவர் உயிரோடு இருந்தபோது அக்குளில் மீடியன் நரம்பு வெட்டுப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டைவிரலோடு முழங்கையை மடக்கும் பலமும் போயிருக்கும். கையின் பின்புறமாக இறங்கும் ரேடியல் நரம்பின் தயவில் பிராக்கியோரேடியாலிஸ் என்ற முன்கைத் தசையும் பிராக்கியாலிஸின் ஒரு சிறு பகுதியும் மட்டும் மிஞ்சியிருக்கும். பார்க்கிற மருத்துவர் இரண்டு நரம்புகள் போய்விட்டன என்று எழுதியிருப்பார்.

நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்பவர்:

நரம்பை மின்சாரத்தால் தூண்டி, தசையில் எழும் அலையை அளப்பது என் வேலை. நீங்கள் கண்ணால் பார்ப்பதை நான் திரையில் கோடுகளாகப் பார்க்கிறேன். ஒருவருக்குச் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்று அனுப்பியிருந்தார்கள். அல்நார் நரம்பை மணிக்கட்டில் தூண்டினால் சுண்டுவிரல் மேட்டுத் தசையிலிருந்து நல்ல உயரமான அலை வந்தது. முழங்கைக்குக் கீழே தூண்டினால் அலையின் உயரம் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இதைப் பார்த்தவுடன் மனதில் ஓடுவது, முன்கையில் நரம்பின் கடத்தல் தடைபட்டிருக்கிறது என்பதுதான். அப்படி அறிக்கையில் எழுதிவிட்டால் அந்த மனிதர் நரம்பு உறையைத் தாக்கும் நோய்களுக்கான பரிசோதனைகள், மருந்துகள் என்று வேறு பாதையில் போய்விடுவார்.

எழுதுவதற்கு முன், மின்முனையைச் சுண்டுவிரல் மேட்டிலேயே வைத்துக்கொண்டு முழங்கையில் மீடியனைத் தூண்டினேன். வரக்கூடாத இடத்தில் அலை வந்தது. மணிக்கட்டில் மீடியனைத் தூண்டியபோது வரவில்லை. அப்படியானால் குறைந்த இழைகள் எங்கும் போகவில்லை. மேலே மீடியனோடு வந்து, முன்கையில் அல்நாருக்குத் தாவியிருக்கின்றன. இதுதான் மார்ட்டின்-குரூபர் இணைப்பு. 1763இல் ஸ்வீடனின் ரோலண்ட் மார்ட்டினும், 1870இல் வென்சல் குரூபரும் விவரித்தது. நரம்புக் கடத்தல் பரிசோதனையே இல்லாத காலத்தில், கத்தியையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு மார்ட்டின் இதைப் பிடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாறு பேரில் ஒருவருக்காவது இருக்கும்.

இதே இணைப்போடு, மணிக்கட்டில் மீடியன் நசுங்கும் கார்ப்பல் டனல் தொந்தரவும் சேர்ந்தால் இன்னும் வினோதம். மணிக்கட்டுக் குகையில் நசுங்கிய இழைகள் தாமதமாக வந்து சேரும். தாவிப்போன இழைகளோ அந்தக் குகைக்குள் நுழையாமல் அல்நார் வழியாகக் கைக்குள் போய்விடும். அதனால் முழங்கையில் மீடியனைத் தூண்டும்போது அலை மேலே எழுவதற்கு முன் ஒரு சிறு பள்ளம் விழும். முன்கையின் கடத்தல் வேகமும் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாகக் கணக்காகும். வழக்கமாக நொடிக்கு 50 முதல் 65 மீட்டர் வரும் இடத்தில் 80ஐத் தாண்டிப் பார்த்திருக்கிறேன். நோயுள்ள நரம்பு ஆரோக்கியமான நரம்பைவிட வேகமாக ஓடாது. அந்த எண்ணைப் பார்த்ததும் நான் மின்முனையை நகர்த்தித் திரும்ப அளக்கத் தொடங்கிவிடுவேன்.

கையில் அடிபட்டவர்:

நான் மருத்துவத் துறை இல்லை. உடைந்த கண்ணாடி மணிக்கட்டில் ஆழமாகக் கிழித்துவிட்டது. அவசரப் பிரிவில் கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு தொடச் சொன்னார்கள். தொட்டேன். நரம்பு தப்பித்துவிட்டது என்று சொல்லித் தோலைத் தைத்து அனுப்பினார்கள். ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரக்கட்டை மாதிரி இருந்தன. சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கொப்பளம் வந்த பிறகுதான் தெரிந்தது. நாலைந்து முறை போய்ச் சொல்லியும் வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றே பதில் வந்தது.

பிறகு வேறொரு கை அறுவை சிகிச்சை மருத்துவர் திறந்து பார்த்தார். மீடியன் நரம்பு முழுவதுமாக அறுந்திருந்தது. கட்டைவிரல் எப்படி அசைந்தது என்று கேட்டேன். உங்களுக்கு உள்ளங்கையில் அல்நாரின் ஆழ்கிளை மீடியனின் தசைக்கிளையோடு இணைந்திருக்கிறது, அந்த வழியாகக் கட்டைவிரல் தசைகளுக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது என்றார். ரிஷ்-கானியூ இணைப்பாம், 1897இல் கண்டது. என்னைக் காப்பாற்றிய அதே இணைப்புதான் காயத்தை மறைத்தும் வைத்திருந்தது. தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். இப்போது நடுவிரல் நுனியில் லேசான குறுகுறுப்பு வருகிறது.

மயக்க மருந்து மருத்துவர்:

அக்குளில் ஊசி போட்டுக் கையை மரக்கச் செய்யும்போது மஸ்குலோகியூட்டேனியஸைத் தனியாகத் தேடித்தான் மருந்து விடுவோம், அது மற்றவற்றை விட்டு முன்னதாகவே பிரிந்துவிடும் என்பதால். ஒருமுறை அல்ட்ராசவுண்டில் கோரகோபிராக்கியாலிஸ் தசைக்குள் அது இல்லை. தமனிக்கு அருகில் மீடியன் என்று நினைத்த நரம்பைத் தூண்டினால் முழங்கை மடங்கியது. அங்கேயே மருந்தைச் சுற்றிவிட்டேன், முன்கையின் வெளிப்புறமும் நன்றாக மரத்தது. மாணவி எழுதியதைப் படித்தபோது அந்தப் படம்தான் கண்முன் வந்தது.

மருத்துவ மாணவி:

எல்லோருக்கும் நன்றி. கையில் அடிபட்டவருக்கு: வலி இன்னும் இருக்கிறதா? இன்னொரு கையிலும் இதே இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களா?

கையில் அடிபட்டவர்:

வலி குறைந்துவிட்டது. மற்ற கையில் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கையில் தொந்தரவு எதுவும் இல்லாததால் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, இது நோயும் இல்லை என்றார் மருத்துவர். என் கோப்பின் முதல் பக்கத்தில் மட்டும் இணைப்பைப் படமாக வரைந்து தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார்.