நகோயா கோட்டை: கான்கிரீட் கோபுரத்தை இடித்துவிட்டு மரத்தில் எழுப்பலாமா?

மரபுத்தச்சன்:
ஜப்பானிலுள்ள நகோயா கோட்டையின் முதன்மைக் கோபுரம், நிலநடுக்கத்தைத் தாங்காது என்ற காரணத்தால் 2018 மே மாதம் மூடப்பட்டது. 1959இல் எழுந்த அந்தக் கான்கிரீட் கட்டடத்தை இடித்துவிட்டு, 1612இல் இருந்தபடியே மரத்தில் கட்டும் மாநகராட்சியின் திட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அன்று ஜப்பானை ஆண்ட தொகுகவா இயேயசுவின் ஆணையால் எழுந்த மூலக் கோபுரம் 1945 மே 14 அன்று குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால் அதை அளந்து வரைந்த படங்களும், கண்ணாடித் தட்டில் எடுத்த நிழற்படங்களும் நூற்றுக்கணக்கில் தப்பிவிட்டன. எந்தத் தூண்மேல் எந்த உத்தரம் அமர்ந்தது என்பதுவரை தெரியும்போது தயங்குவது ஏன்?

வடகரை:
தயங்கக் காரணம் உண்டு, ஐயா. போரில் அழிந்த நகரத்து மக்கள் நன்கொடையும் தந்து எழுப்பிய கட்டடம் அது, அதுவும் வரலாறுதான். ஒசாகா கோட்டையில் 1931இல் கட்டிய கான்கிரீட் கோபுரத்தை 1997இல் பண்பாட்டுச் சொத்தாகவே பதிவு செய்தார்கள். குமமோட்டோ கோட்டையின் 1960ஆம் ஆண்டுக் கான்கிரீட் கோபுரம் 2016 நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. அதை இடிக்காமல் வலுப்படுத்தி, 2021இல் மீண்டும் திறந்தார்கள். நகோயாவிலும் அப்படிச் செய்யலாம்.

மரபுத்தச்சன்:
ஒசாகா கோபுரம் தொயோதோமி, தொகுகவா ஆகிய இரு ஆட்சிக் குடும்பங்களின் காலத்துச் சாயல்களையும் கலந்து கட்டியது. அப்படியொரு கோபுரம் முன்பு இருந்ததே இல்லை. நகோயாவிலும் வெளித்தோற்றம் மட்டுமே பழையது. உச்சித் தளத்துச் சன்னல்களைக்கூடக் காட்சி பார்ப்பதற்காகப் பெரிதாக்கிவிட்டார்கள். பழைய மரக் கோபுரம் இன்றும் நிற்கும் ஹிமேஜி கோட்டையை 1956 முதல் 1964 வரை பிரித்துச் சீரமைத்தபோது, கோபுரத்தைத் தாங்கும் இரு பெருந்தூண்களில் மேற்குத் தூணையே மாற்றினார்கள். அதை யாரும் போலி என்று சொல்வதில்லையே!

வடகரை:
ஹிமேஜியில் ஒரு தூண் மாறியது. கட்டடம் 1609இலிருந்து தொடர்கிறது. நகோயா கோபுரத்தில் உண்மையிலேயே பழையது கல் அடித்தளம்தான். கத்தோ கியோமசா என்ற பிரபு எழுப்பிய மதில் அது. கோட்டை மதில்களின் கற்களில், எந்தப் பிரபுவின் ஆட்கள் கொண்டுவந்தவை என்று காட்டும் குறிகளை இன்றும் காணலாம். இப்போதைய கோபுரத்தின் பாரம் அந்த மதில்மேல் இல்லை. உள்ளே நிலத்தில் ஆழமாக இறக்கிய கான்கிரீட் அடித்தளமே அதைத் தாங்குகிறது. இடிக்கும்போதும் புதிதாகக் கட்டும்போதும் அந்தக் கற்கள் அசைந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பெருங்கவலை.

கயல்:
நான் சக்கர நாற்காலியில் செல்பவள். கான்கிரீட் கோபுரத்தில் மின்தூக்கி இருந்தது. புதியதில் வைப்பதில்லை என்று மாநகராட்சி 2018இல் அறிவித்தபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்த்தன, நானும் எதிர்க்கிறேன். ஏணிபோலச் செங்குத்தான பழைய படிக்கட்டு மட்டும் இருந்தால், பொதுப்பணத்தில் கட்டும் கோபுரத்தை எங்களைப் போன்றவர்கள் வாசலில் நின்றுதான் பார்க்க முடியும்.

மரபுத்தச்சன்:
உங்கள் வாதத்தின் நியாயத்தை மறுக்க மாட்டேன், அம்மா. ஆயினும் தளத்துக்குத் தளம் உத்தரங்களை வெட்டித் துளையிட்டால், வரைபடங்களைப் பின்பற்றியதன் பயனே போய்விடும். உத்தரங்களைத் தொடாத சிறு தூக்கி என்றால் சம்மதம்.

வடகரை:
தீயணைப்புக் கருவிகளும் நிலநடுக்கக் காப்பும் இல்லாமல் இன்று பொதுமக்களை உள்ளே விட முடியாது. அவற்றுக்கு இடம் கொடுக்கும்போதே ‘1612இல் இருந்தபடியே’ என்ற நிபந்தனை தளர்ந்துவிடுகிறது. பிறகு மின்தூக்கிக்கு மட்டும் ஏன் மறுப்பு?