தூக்கத் திருவிழாவில் துண்டறிக்கை கொடுக்கலாமா? மாணவர் நாத்திக வட்டம் பற்றி ஒரு விவாதம்

வேப்பமூட்டு வாசகன்:
நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் படிக்கிற சிலர் சேர்ந்து ஒரு நாத்திக வட்டம் நடத்துகிறோம். பேனர், தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வேப்பமூடு பூங்காவில் கூடுவோம். மழை என்றால் யாராவது ஒருவர் வீட்டு மாடி. ஒருவர் படித்ததைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். பகத் சிங் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம்ம பூதப்பாண்டி ஜீவானந்தம் என்பது எங்களில் பலருக்கு அங்கே வந்துதான் தெரிந்தது.

இடையிடையே செய்முறையும் உண்டு. போன தடவை எலுமிச்சம்பழம். செம்பரத்திப் பூவைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டோம். அந்தக் கத்தியால் பழத்தை அறுத்ததும் வெட்டின இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. பூவில் இருக்கும் நிறமி புளிப்பு பட்டால் சிவக்கும், அதுதான் விஷயம். முதலாமாண்டுப் பையன் ஒருவன் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதே மாதிரி ஒரு பழத்தை அறுத்து ‘ரத்தம்’ காட்டித்தான் அவன் வீட்டில் செய்வினை எடுக்கப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது வட்டத்துக்குள் ஒரு தகராறு. பங்குனிப் பரணிக்குக் கொல்லங்கோடு பத்திரகாளியம்மன் கோயிலில் தூக்கம் நடக்கும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நேர்ச்சை, அதாவது வேண்டுதல், வைத்துப் பெற்ற குழந்தையைத் தூக்கக்காரர் கையில் கொடுப்பார்கள். அவரை வில் என்கிற நீண்ட மரத்தில் கட்டி உயரே ஏற்றி, தேரோடு கோயிலைச் சுற்றி இழுத்து வருவார்கள். அங்கே போய்த் துண்டறிக்கை கொடுக்க வேண்டும் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். நான் கொடுக்க வேண்டும் என்கிற பக்கம். பெரியவர்கள் தங்கள் உடம்பில் எந்த நேர்ச்சையும் செய்துகொள்ளட்டும். பேசவே தெரியாத குழந்தையிடம் சம்மதம் கேட்டவர் யார்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குழித்துறைக்காரி:
தம்பி, என் மூத்தவனை அந்தத் தூக்கத்துக்குக் கொடுத்தவள் நான். கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளை இல்லை. நேர்ச்சை வைத்தோம், பிறந்தான், கொடுத்தோம். தூக்கக்காரர் என்றால் ரோட்டில் போகிற யாரோ என்று நினைக்காதீர்கள், விரதம் இருந்து வருகிறவர். வில் மேலே ஏறும்போது அவர் இரண்டு கையாலும் பிள்ளையை வளைத்துப் பிடித்திருந்தார். சுற்றி முடிகிறவரை நான் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கி வந்தபோது பிள்ளை அழுது களைத்து என் தோளில் சாய்ந்தான். முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு காலேஜ் பையன் வந்து, நான் பிள்ளைக்குக் கெடுதல் செய்தவள் என்று எழுதிய தாளை நீட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? கேள்வி நியாயமாகவே இருக்கட்டும், அந்த இடத்தில் அது என் காதில் ஏறாது.

வேப்பமூட்டு வாசகன்:
அக்கா, கண்ணை எடுக்காமல் அந்தக் கையையே பார்த்தேன் என்கிறீர்களே, அந்தப் பயத்தைத்தான் நாங்களும் பேசுகிறோம். உங்களைக் கெட்டவள் என்று எழுதுகிற தாளை நானும் தொட மாட்டேன்.

பழைய கருப்புச்சட்டை:
‘அந்த இடத்தில் வேண்டாம்’ என்பது நூறு வருஷமாகக் கேட்கிற பேச்சு. கோயில் தெருவில் எல்லாச் சாதியும் நடக்க வேண்டும் என்று வைக்கத்தில் 1924-லும், சுசீந்திரத்தில் 1926-லும் போராடியபோது இதையேதான் சொன்னார்கள்: கோயில் தெருவில் வந்து கலகம் பண்ணாதே, பக்தர் மனம் புண்படும். பெரியார் வைக்கத்தில் போராடி ஜெயிலுக்குப் போனார். சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு மாதிரி ஆட்கள் முன்னால் நின்றார்கள். 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டார். பூங்காவில் உட்கார்ந்து கட்டுரை வாசித்தா அது வந்தது? தம்பிகளே, தெருவுக்கு வாருங்கள்.

சாமித்தோப்புப் பேத்தி:
அண்ணாச்சி, சுசீந்திரத்தை நீங்கள் இங்கே இழுப்பது பொருந்தாது. அங்கே தெருவில் நின்றவர்கள் சாமி இல்லை என்று சொல்லப் போகவில்லை. எங்களையும் அந்தத் தெருவில் நடக்க விடு, எங்களையும் சாமி கும்பிட விடு என்றுதான் கேட்டார்கள். சொந்தத் தாழ்வை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். இந்தப் பையன்கள் போகப்போவது அடுத்தவர் நேர்ச்சையைக் கேள்வி கேட்க.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் குனிந்த முதுகை நிமிர்த்தியதில் சாமி பேரைச் சொன்னவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தலையில் துண்டு கட்டக் கூடாது என்றிருந்த காலத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வா என்றவர் ஐயா வைகுண்டர். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். அதற்காகத் திருவிதாங்கூர் ராஜா அவரைச் சிறையில் வைத்தார். தோளை மூடும் சீலைக்குப் போராடி 1859-ல் உரிமை வாங்கிய பெண்களில் கிறிஸ்தவ மிஷன் சபைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். நம்பிக்கை என்றாலே அடிமைத்தனம் என்று உங்கள் வட்டம் பேசினால், எங்கள் ஊர்ப் பாட்டிகளின் கதை பாதி காணாமல் போய்விடும்.

பழைய கருப்புச்சட்டை:
வைகுண்டரை நானும் மதிக்கிறேன் மகளே. ஆனால் அந்தப் பெண்களைத் தோளை மூட விடாமல் வைத்ததும் சாமி பேரால் வந்த ஆசாரம்தானே? அதையும் பேத்திகளுக்குச் சொல்ல வேண்டாமா?

கடலோரத்தான்:
எனக்கு ஒரே கேள்விதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை எல்லாம் செத்த வீடாகக் கிடந்தது. யார் கடலுக்குப் போனார், யார் திரும்பவில்லை என்று வீடு வீடாகப் பெயர் எழுதியது பங்கு, அதாவது எங்கள் ஊர்த் தேவாலயம். சாப்பாடு கொடுத்தது, அழுதவர் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் பங்கு. கடவுள் இல்லை என்று நிரூபிக்கிற வட்டம் அன்றைக்கு என்ன செய்திருக்கும்? அப்புறம் இன்னொன்று, கோயில் திருவிழாவுக்குத்தான் தாள் கொடுப்பீர்களா? எங்கள் பக்கம் வர தைரியம் இல்லையா?

மாடித்தோழி:
நானும் இந்த வட்டத்தில் இருக்கிறேன், தூக்கத்துக்குப் போக வேண்டாம் என்கிற பக்கம். முதலில் கடலோரத்து அண்ணனுக்குப் பதில். பங்கு செய்ததை யாரும் மறுக்க முடியாது, மறுத்தால் அது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த சனம் கேட்டது என்ன? காணாமல் போனவர்களை இன்னும் தேடு, கப்பல் அனுப்பு என்று. அதைக் கேட்டது அரசாங்கத்திடம். பங்குச் சாமியார்களும் கூடவே உட்கார்ந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் எங்கள் வட்டமும் அங்கேதான் உட்கார வேண்டும், கடவுள் விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு.

இந்துக்களை மட்டும் பேசுகிறோம் என்பதற்கும் பதில் இருக்கிறது. நான் சபைக் குடும்பத்துப் பிள்ளை. என் அம்மச்சிக்குச் சர்க்கரை நோய். குணமளிக்கும் கூட்டம் ஒன்றில் ‘சுகமாயிற்று’ என்று தலையில் கை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். அட்டை அட்டையாக மாத்திரைகள் பைபிள் உறைக்குள் இருந்ததை நான்தான் கண்டெடுத்தேன். அதற்குள் கால் புண் வைத்து, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மந்திரத்தாலும் தாயத்தாலும் சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். அன்றைக்கு அம்மச்சியைச் சிரித்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் நான் இன்னும் போகிறேன்.

என் வாதம் இதுதான். எங்கள் வட்டத்தில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொன்னதில்லை. பெண்பிள்ளைகள் லைப்ரரி என்று சொல்லிவிட்டு வருகிறார்கள், இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு தோழிக்கு வீட்டில் ஜெபத்துக்கு முட்டி போடவில்லை என்று ஒரு வாரம் யாரும் முகம் கொடுக்கவில்லை. எங்களில் சிலர் படிக்கிற கல்லூரியில் காலை வழிபாட்டுக்கு வராவிட்டால் வருகைப்பதிவில் கை வைக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, யாரென்றே தெரியாத அம்மாவின் கையில் தாள் திணிக்க ஏன் இவ்வளவு அவசரம்?

வேப்பமூட்டு வாசகன்:
சிறுபான்மைக் கல்லூரிக்குத் தன் வழக்கப்படி நடத்த உரிமை உண்டே, அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு?

மாடித்தோழி:
கல்லூரி நடத்த உரிமை உண்டு மக்கா. ஆனால் 28-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைப் படித்துப் பார். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறுகிற நிறுவனத்தில், சம்மதம் இல்லாத மாணவரை வழிபாட்டுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வயது வராதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். நமக்கு வயது வந்துவிட்டது. வழிபாட்டை நிறுத்து என்று நாம் கேட்கப் போவதில்லை. வராதவனுக்கு வருகைப்பதிவைக் குறைக்காதே என்று ஒரு விண்ணப்பம், கையெழுத்துப் போட்டு.

கடலோரத்தான்:
அது நியாயமான கோரிக்கை. முட்டி போட வைத்து வருகிற ஜெபம் எங்களுக்கும் வேண்டாம். என் மகன் வேறு சாமிக் கல்லூரியில் படித்தாலும் இதே சட்டம் அவனுக்கும் பொருந்தும் அல்லவா?

மாடித்தோழி:
பொருந்தும் அண்ணே.

பழைய கருப்புச்சட்டை:
விண்ணப்பம் எழுதுங்கள், நல்லது. ஆனால் பரணிக்கு யாருமே கேள்வி கேட்காமல் விட்டால் அந்தக் குழந்தைக்காகப் பேச யார் இருக்கிறார்? இதற்குப் பதில் வரவில்லை.

குழித்துறைக்காரி:
நான் சொல்கிறேன் அண்ணாச்சி. கட்டு எப்படி, கீழே பாதுகாப்பு என்ன, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று கோயில் கமிட்டியிடம் கேட்கட்டும். நானும் கூட வந்து கேட்பேன். எனக்கு நேர்ச்சையும் வேண்டும், பிள்ளையும் பத்திரமாக வேண்டும். ஆனால் திருவிழா அன்றைக்கு வேண்டாம், முன்கூட்டியே வாருங்கள்.

வேப்பமூட்டு வாசகன்:
கமிட்டியிடம் பாதுகாப்புக் கேள்விகளைக் கொடுக்க நான் தயார். நேர்ச்சையே தேவையில்லை என்கிற என் கருத்தை அதற்காக விட மாட்டேன், அதை என் பெயரில் எழுதுவேன், வட்டத்தின் பெயரில் வேண்டாம். அக்கா, தனிச்செய்தியில் பேசுகிறேன்.

மாடித்தோழி:
சரி. சனிக்கிழமை விண்ணப்பத்தின் வரைவோடு வருகிறேன். பூங்காவில் லைட் போடுவதற்கு முன்பே தொடங்கிவிடலாம், மார்த்தாண்டம் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு பஸ் இருக்கிறது. செய்முறை இந்த வாரம் வேண்டாம், கையெழுத்துப் போடப் பயப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசவே நேரம் சரியாக இருக்கும்.