படத்துக்குச் சொன்ன சம்மதம் முன்னோட்டத்துக்கும் செல்லுமா?

படத்தொகுப்பாளர், வெள்ளவத்தை

குறும்படம் எடுக்கிறவர்கள் நடிகர்களிடம் கையொப்பம் வாங்குகிறார்கள். இடத்துக்கு அனுமதி வாங்குகிறார்கள். இசைக்கும் சிலர் வாங்குகிறார்கள். எல்லாம் படத்துக்கு. முன்னோட்டம் என்று வந்தால் மட்டும், "படத்திலிருந்து வெட்டியதுதானே, இதற்குத் தனியாக யாரைக் கேட்பது?" என்று விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் தொடங்கின. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒன்றை முதலில் சொல்கிறேன்.

இரத்மலானையில் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. வாடகை கேட்கும் சாக்கில் வீட்டுக்காரர் இரவில் வருகிறார். அவள் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழிடுகிறாள். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். முன்னோட்டத்தில் இதிலிருந்து மூன்று துண்டுகள் அடுத்தடுத்து வந்தன: படியேறும் வீட்டுக்காரரின் சிரிப்பு, தாழ்ப்பாளில் அவள் விரல்கள், விளக்கணைந்த அறை. விரல்கள் ஒரு நொடி கூட நிற்கவில்லை. தாழ்ப்பாளைப் போடுகிறாளா எடுக்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று துண்டுகளும் படத்தில் உள்ளவைதான். அடுக்கிய வரிசைதான் பொய்.

நடித்தவர் பகலில் பாலர் பாடசாலையில் கற்பிக்கிறவர். முன்னோட்டம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததும் இயக்குநரை அழைத்திருக்கிறார். "அண்ணா, நான் நடித்தது கதவைச் சாத்துகிற பெண்ணாக. நீங்கள் காட்டியிருப்பது திறந்துவிடுகிறவளை." அதற்கு இயக்குநர், "முழுப் படம் வந்ததும் எல்லாருக்கும் விளங்கும் தங்கச்சி" என்றாராம். முழுப் படத்தைப் பார்க்க மண்டபத்துக்கு வந்தவர்களைவிட, முன்னோட்டத்தைக் கைபேசியில் பார்த்தவர்கள் எத்தனையோ மடங்கு. விளங்க வேண்டியவர்களில் பாதிப்பேர் மண்டபப் பக்கமே வரவில்லை.

சட்டம் அந்த நடிகைக்கு எவ்வளவு கைகொடுக்கும்? இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், திரைப்படம் போன்ற படைப்பின் பொருளாதார உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கிறது. தன் படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுக்காதே என்று தடுக்கும் தார்மீக உரிமையும் உண்டு. ஆனால் அது படைப்பாளிக்கு உரியது. இந்தக் கதையில் சிதைத்தவரே படைப்பாளி! நடிகை கையொப்பமிட்ட தாளில் இருந்ததோ, "இப்படத்தில் நடிக்கச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரே வரி.

கடைசியில் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. தாழ்ப்பாள் துண்டைச் சற்று நீட்டி, அது விழும் ஓசையைக் கேட்கவிட்டேன். இசையை அந்த இடத்தில் நிறுத்தினேன். அவ்வளவுதான், அர்த்தம் நேராகிவிட்டது. இயக்குநரும் ஒப்புக்கொண்டார், விறுவிறுப்பும் கூடியிருக்கிறது என்று. இப்போது நான் வேலை செய்யும் படங்களில் சம்மதப் படிவத்தில் முன்னோட்டம், சுவரொட்டி, சமூக ஊடகத் துணுக்குகள் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். வெளியிடும் முன் நடிகருக்குக் காட்ட வேண்டும் என்ற வரியும் உண்டு. "அப்படியென்றால் நடிகர் எல்லாரும் கத்தரிக்கோலைத் தூக்குவார்கள்" என்று இயக்குநர்கள் முறைக்கிறார்கள். பார்க்கும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு என்று எழுதிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

ஒலிப்பதிவாளர், கொட்டாஞ்சேனை

இசையில்தான் கூத்து அதிகம். "ஏழு நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை" என்று ஒருவர், "முப்பது நொடிவரை விடுவார்கள்" என்று இன்னொருவர். இந்த நொடிக் கணக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. நம் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, அனுமதி கேட்காமல் எடுத்தாளக்கூடிய நியாயமான பயன்பாட்டை நான்கு அளவுகோல்களால் பார்க்கிறது: எதற்காகப் பயன்படுத்தினாய், மூலப்படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தாய், அதன் சந்தைக்கு என்ன பாதிப்பு. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. ஆளை இழுக்க ஒரு பாட்டின் உச்சத்தை வெட்டி ஒட்டுவதை அதற்குள் கொண்டுவருவது கடினம்.

பெரிய கம்பெனிகளே இதில் மாட்டிக்கொள்கின்றன. 2024 இல் ரஜினிகாந்தின் 'கூலி' படத்தின் தலைப்பு அறிவிப்புத் துணுக்கு வந்தது. அதில் தன் பழைய பாட்டொன்றின் இசை அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக இளையராஜா தயாரிப்பு நிறுவனத்துக்கு வழக்கறிஞர் அறிவித்தல் அனுப்பினார். அப்போது படமே வந்திருக்கவில்லை, துணுக்குக்குத்தான் அறிவித்தல்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் பாரதியார் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "பாரதி பாட்டு எல்லாருக்கும் பொது அண்ணா" என்றார்கள். உண்மைதான். 1921 இல் மறைந்தவர், 1949 இல் சென்னை அரசே அவர் எழுத்தின் உரிமையைப் பெற்றது, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. ஆனால் அவர்கள் கொண்டுவந்தது பாரதியை அல்ல, ஒரு சினிமா ஒலிப்பதிவை. வரிகள் மட்டும்தான் பாரதியுடையவை. மெட்டு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, ஒலித்தட்டு மூன்றாமவருடையது. ஒரு பாட்டுக்குள் இத்தனை வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர்களின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

வழி கடினமானதல்ல. அதே வரிகளுக்குப் புது மெட்டுப் போட்டோம். கோவிலில் பாடும் ஒரு அக்கா பாடினார், ஒரு தம்பி புல்லாங்குழல் வாசித்தார். இருவரிடமும் எழுத்தில் வாங்கினோம். உரிமையை மாற்றிக் கொடுப்பதோ பயன்படுத்த அனுமதிப்பதோ எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டு இருக்க வேண்டும் என்பது நம் சட்டம். "வாயால் சொன்னாரே" என்பது நிற்காது. அந்தத் தாளிலும் 'படத்துக்கும் முன்னோட்டத்துக்கும்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

யூடியூபில் உரிமைக் கோரிக்கை வேறு, பதிப்புரிமை எச்சரிக்கை வேறு. முதலாவது வந்தால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், காணொளி முடக்கப்படலாம். இரண்டாவது 90 நாளுக்குள் மூன்று முறை வந்தால் அலைவரிசையே போய்விடும். வெளியீட்டு வாரத்தில் எது வந்தாலும் தூக்கம் போய்விடும் என்பது தனிக் கதை.

மாணவன், பம்பலப்பிட்டி

நாங்கள் ஒரு சதம் கூடச் சம்பாதிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்காக எடுத்தது. அப்போதுமா?

ஒலிப்பதிவாளர், கொட்டாஞ்சேனை

இலாப நோக்கம் இல்லை என்பது அளவுகோல்களில் ஒன்றின் பாதி, தம்பி. வகுப்பறையில் போட்டுக் காட்டுவதும் முகநூலில் உலகத்துக்கே விடுவதும் ஒன்றல்ல.

தயாரிப்பு உதவியாளர், மருதானை

இடம் பற்றி ஒன்று. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. முதலாளி நல்ல மனிதர். கல்யாணத்துக்குத் தாலிக்கொடி வாங்கும் காட்சி என்றதும் கடையைக் கொடுத்தார், பிளேன்டீயும் கொடுத்தார். பெயர்ப்பலகை தெரிந்தால் விளம்பரம்தானே என்று அவருக்கும் சந்தோஷம். படத்தில் எல்லாம் அப்படியே ஒழுங்காக இருந்தது. முன்னோட்டத்தில் பெயர்ப்பலகை வரும் காட்சியின்மேல், வேறொரு காட்சியில் வில்லன் பேசும் வசனத்தை இயக்குநர் ஒட்டிவிட்டார்: "இந்தத் தெருவில் பாதித் தங்கம் திருட்டுத் தங்கம்."

மறுநாள் முதலாளி எனக்குத்தான் அழைத்தார், கடையைக் கேட்டுப் போனவன் நான் என்பதால். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். "தம்பி, என் கடை என்ன பாதியில் சேர்த்தி?" என்று மட்டும் கேட்டார்.

இந்த நாட்டில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு சிலர் தைரியமாக இருக்கிறார்கள். சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கும் வழி திறந்தேதான் இருக்கிறது. முதலாளி வழக்குக்குப் போகவில்லை, அன்றிரவே வசனத்தை எடுத்துவிட்டோம். ஆனால் அந்தத் தெருவில் இனி எங்கள் குழுவுக்கு யார் கடை தருவார்கள்?

அரச இடங்கள் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டைப் புகையிரத நிலையத்தில் படம் எடுக்கப் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு மாநகர சபை. ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையை விட்டால் வழியில்லை. 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன்களை முற்றாகவே நிறுத்தி வைத்திருந்தார்கள், பாதுகாப்புத் தரப்பின் கண் இன்னும் அதன்மேல் இருக்கிறது. பொலிஸ், இராணுவச் சீருடை, விளையாட்டுத் துப்பாக்கி எதுவானாலும் கடிதமின்றித் தெருவில் இறங்காதீர்கள். எங்கள் பெயர்களை அடையாள அட்டையில் வாசித்த பிறகு கேள்விகள் இன்னும் இரண்டு கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கொச்சிக்கடைவாசி

நான் படம் எடுப்பவள் அல்ல. பார்த்தவள்.

ஒரு மர்மப் படத்தின் முன்னோட்டம். ஆலய மணி, பிறகு நிசப்தம், பிறகு வெடியோசை. அதற்கு மேல் 2019 ஏப்ரல் 21 அன்று செய்திகளில் வந்த உண்மையான காட்சிகள் சில நொடிகள். கதைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் தொடர்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. சூழலைக் காட்டப் போட்டதாம். எங்கள் ஒழுங்கையில் அன்று ஆலயத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசியிலும் இந்த முன்னோட்டம் வந்தது. முழுப் படம் என்றால் போகாமல் இருந்திருப்போம். முன்னோட்டம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

நாங்கள் சிலர் சேர்ந்து எழுதினோம். வருத்தம் தெரிவித்தார்கள், எடுக்கவில்லை. பிறகு அந்தக் காட்சிகளின் உரிமையாளரான செய்தி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது என்று கேள்விப்பட்டோம். காட்சிகள் அன்றைக்கே போய்விட்டன. மணியும் வெடியும் இன்னும் இருக்கின்றன, அவற்றுக்கு உரிமையாளர் யாரும் இல்லை.

சட்டத்தரணி, புதுக்கடை

மேலே உள்ளவற்றில் சட்டம் எட்டும் இடங்களும் எட்டாத இடங்களும் கலந்திருக்கின்றன. கொச்சிக்கடைச் சகோதரி சொன்னதில் பெரும்பகுதி எட்டாத இடம். அதனால் அது சின்ன விடயம் ஆகிவிடாது.

முன்னோட்டத்தில் காட்டியது படத்தில் இல்லாவிட்டால் ஏமாற்றா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பார்த்திருக்கின்றன. முன்னோட்டத்தில் வந்த நடிகை படத்தில் இல்லை என்று இரு இரசிகர்கள் தொடுத்த வழக்கில், 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், முன்னோட்டமும் விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றார். வழக்கு பின்னர் வேறு காரணத்தால் நிலைக்கவில்லை. இந்தியாவில் முன்னோட்டத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒருவர் நுகர்வோர் மன்றம்வரை போய்ப் பத்தாயிரம் ரூபாய் நட்டஈடும் பெற்றார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முன்னோட்டம் ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு அல்ல, அதில் காட்டியதெல்லாம் படத்தில் இருக்கும் என்ற வாக்குறுதியும் அல்ல என்றது. இலவசமாக விடும் குறும்படத்தில் டிக்கெட் வாங்கிய பார்வையாளரே இல்லை. ஆனால் முன்னோட்டத்தைக் காட்டி வெளிநாட்டு உறவினர்களிடம் நிதி திரட்டுகிறீர்களே, அங்கே கவனம். பணம் கொடுத்தவருக்கு நீங்கள் காட்டிய அந்த ஒன்றரை நிமிடம்தான் சான்று.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) 3 ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பிணை கொடுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. 2019 ஏப்ரலில் ஒரு சிங்கள எழுத்தாளர் முகநூலில் இட்ட சிறுகதைக்காக இந்தச் சட்டத்தில் கைதாகி நான்கு மாதமளவில் உள்ளே இருந்தார். சிறுகதையையாவது முழுதாக வாசித்துப் பார்க்கலாம். முன்னோட்டத்தில் ஒரு பிக்குவோ மௌலவியோ குருக்களோ கோபமாகப் பேசும் இரண்டு நொடிதான் இருக்கும், முன்னும் பின்னும் இருக்காது. "யாவும் கற்பனை" என்ற வரி எந்த நீதவானையும் இதுவரை அசைத்ததாக எனக்குத் தெரியாது. 2024 இலிருந்து, இணையத்தில் இடுபவற்றைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பயந்து படம் எடுக்காமல் இருக்கச் சொல்லவில்லை. இந்தச் சட்டங்கள் பிழையாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதும் என் கருத்துத்தான். வெளியிடும் முன் ஒரு சட்டத்தரணியிடம் படத்தை மட்டும் காட்டாமல் முன்னோட்டத்தையும் காட்டுங்கள், அரை மணித்தியாலம் போதும்.

நடித்த சிறுவனின் சித்தப்பா, தெஹிவளை

எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு குறும்படத்தில் நடித்தான். தாயை இழந்த பையனாக. அண்ணனும் அண்ணியும் கதையை வாசித்து, படப்பிடிப்பிலும் கூடவே இருந்துதான் சம்மதித்தார்கள். படக்குழுவும் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டது, குறை சொல்ல மாட்டேன்.

முன்னோட்டத்தின் முகப்புப் படமாக அவன் அழும் முகத்தை வைத்தார்கள். மூக்கு ஒழுக, வாய் கோணி. படத்தில் அந்த இடத்தில் மண்டபமே கலங்கியது. கைபேசியில் தனியாகப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது, உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளே வகுப்பில் யாரோ அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். "வீட்டுவேலை செய்யவில்லை" என்று கீழே எழுத்து வேறு.

அண்ணி கொதித்துப் போனார். இயக்குநரிடம் பேசினேன். மறுபேச்சில்லாமல் முகப்பை மாற்றி, பையன் மிதிவண்டியில் போகும் படத்தை வைத்தார். அதோடு ஒரு நல்ல காரியமும் செய்தார்: இனிமேல் சிறுவர்கள் நடிக்கும் படங்களில் அழும், அடிவாங்கும், பயப்படும் முகங்களை முகப்பிலோ சுவரொட்டியிலோ வைப்பதில்லை என்று படிவத்தில் சேர்த்துவிட்டார். மேலே படத்தொகுப்பாளர் சொன்ன மூன்றோடு முகப்புப் படம் என்று நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரை மட்டும் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. பிள்ளை இப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன தவணைக் கணக்குப் பாடப் புள்ளி வந்த அன்று, வேறெதுவும் எழுதாமல் அந்த ஸ்டிக்கரை மட்டும் அவனே எனக்கு அனுப்பினான்.