ஒரு பாட்டு கத்துது, அடுத்தது முணுமுணுக்குது

பாரி: சித்தப்பா, தேனு அக்கா, ஒரு சந்தேகம். கணினியில 6,200 பாட்டு இருக்கு. எம்பி3, ஃப்ளாக், எம்4ஏ எல்லாம் கலவை. ஷஃபிள்ல போட்டா ஒண்ணு காதைக் கிழிக்குது, அடுத்தது கேக்கவே மாட்டேங்குது. ஆடாசிட்டின்னு ஒலி எடிட் பண்ற மென்பொருள்ல எல்லாத்தையும் நார்மலைஸ் பண்ணி சேவ் பண்ணிடட்டுமா?

ரகு சித்தப்பா: வேண்டாம் பாரி, கையை வைக்காதே. அந்த நார்மலைஸ் பீக்கை மட்டும்தான் பார்க்கும். பாட்டுலயே உச்சமா வர்ற ஒரே ஒரு தட்டு எங்க இருக்குன்னு பார்த்து, அதை மேல்வரம்பு வரைக்கும் தூக்கி விடும், அவ்வளவுதான். புதுப் பாட்டு, பழைய பாட்டு ரெண்டுக்குமே பீக் பெரும்பாலும் ஏற்கெனவே வரம்புக்கிட்டதான் இருக்கும். நீ செஞ்சாலும் பெருசா எதுவும் மாறாது. காதுக்குப் படுற சத்தம் சராசரியைப் பொறுத்தது.

தேன்மொழி: அதோட எம்பி3யைத் திறந்து திரும்ப எம்பி3யா சேவ் பண்ணா தரம் இன்னொரு தடவை குறையும். 6,200 பாட்டுக்கும் அந்த நஷ்டம் எதுக்கு?

பாரி: அப்போ என்னதான் வழி?

தேன்மொழி: ரீப்ளேகெயின். பாட்டை அளந்து, "இதை 9.8 டெசிபெல் இறக்கிப் போடு", "இதை 2 ஏத்திப் போடு"ன்னு டேக்ல, அதாவது ஃபைலுக்குள்ள பாட்டுப் பேர், பாடகர் பேர் எல்லாம் இருக்குற இடத்துல, ஒரு குறிப்பு எழுதி வைக்கும். ஒலித் தரவுல கை வைக்கவே வைக்காது. ப்ளேயர் பாட்டைப் போடும்போது அந்த எண்ணைப் படிச்சு வால்யூமைத் திருத்திக்கும். பிடிக்கலைன்னா டேக்கை அழிச்சா பழையபடி ஆயிடும்.

ரகு சித்தப்பா: இது 2001லேயே வந்த யோசனை. பழைய முறையில இலக்கு 89 டெசிபெல். இப்போ அளக்குற முறை ஐடியூ பிஎஸ்.1770ங்கிற சர்வதேசத் தரம், இலக்கு -18 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படுற சத்தத்தோட அலகு). ரெண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒரே மட்டம்தான். புது முறை பாட்டை 400 மில்லிசெகண்ட் துண்டா அளக்கும், ரொம்ப அடங்கின துண்டுகளைக் கணக்குல சேர்க்காது. அதனால கடைசியில அரை நிமிஷம் அமைதியா இருந்தாலும் அளவு ஏமாறாது.

வசந்தி அத்தை: எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒரே பாட்டுக்குள்ளயே ஆரம்பம் மெதுவாவும் நடுவுல பெருசாவும் இருக்கே, அதுவும் சரியாயிடுமா?

ரகு சித்தப்பா: ஆகாதுக்கா. இது முழுப் பாட்டுக்கும் ஒரே அளவுதான் ஏத்தும், இறக்கும். உள்ளே இருக்குற ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், இருக்கவும் வேணும். ராத்திரி நேரத்துக்கு அதைக் குறைக்கணும்னா ப்ளேயர்ல கம்ப்ரெஸரைப் போட்டுக்கோங்க, அது பெரிய சத்தத்தை அடக்கி வித்தியாசத்தைக் குறைக்கும். ஃபைல்ல பதிச்சிடாதீங்க, அப்புறம் திரும்ப வராது.

பாரி: சரி, எதுல அளக்கிறது?

தேன்மொழி: விண்டோஸ்ல ஃபூபார்2000ங்கிற ப்ளேயரே போதும். பாட்டுகளைத் தேர்ந்தெடு, ரைட் கிளிக், ரீப்ளேகெயின். ஆல்பமா ஒழுங்கா டேக் பண்ணதுக்கு "ஸ்கேன் அஸ் ஆல்பம்ஸ், பை டேக்ஸ்". உதிரிப் பாட்டுகளுக்கு "ஸ்கேன் பெர்-ஃபைல் டிராக் கெயின்". முடிஞ்சதும் ஒரு பட்டியல் வரும். அதுல "அப்டேட் ஃபைல் டேக்ஸ்" அமுக்கினாத்தான் எழுதும். ஜன்னலை அப்படியே மூடிட்டா ஒண்ணும் பதியாது, பலபேர் இங்கதான் விடுறாங்க.

தேன்மொழி: கமாண்ட் லைன் பழக்கம் இருந்தா ஆர்எஸ்கெயின். அதோட ஈஸி மோடுக்கு ஃபோல்டரைக் காட்டினா உள்ளே இருக்குற எல்லாத்தையும் அளந்து எழுதிடும். ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு ஆல்பம்னு எடுத்துக்கும், அதை மட்டும் மறக்காதே. கண்டதையும் கொட்டி வெச்சிருக்குற ஃபோல்டருக்கு ஆல்பம் எண் வந்தாலும் அதுக்கு அர்த்தமே இல்ல.

பாரி: டிராக், ஆல்பம் ரெண்டுல எது?

ரகு சித்தப்பா: டிராக் எண் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி, ஆல்பம் எண் மொத்த ஆல்பத்துக்கும் ஒண்ணு. அளக்கும்போது ரெண்டும் எழுதிக்கோ. கேக்கும்போதுதான் தேர்வு. ஷஃபிளுக்கு டிராக். ஒரு ஆல்பத்தை வரிசையாக் கேட்டா ஆல்பம், ஏன்னா நடுவுல வர்ற மென்மையான பாட்டு மென்மையாவே இருக்கணும்னுதான் அவங்க பண்ணியிருப்பாங்க. டிராக் போட்டா அதையும் மத்ததோட மட்டத்துக்குத் தூக்கிடும். ஃபூபார்ல "பை ப்ளேபேக் ஆர்டர்"னு வெச்சிட்டா ஷஃபிளா இல்லையான்னு அதுவே பார்த்து மாத்திக்கும்.

தேன்மொழி: ப்ளேயர்ல ப்ரீஆம்ப்னு, மொத்தமா சத்தத்தை ஏத்தி இறக்குற அமைப்பு ரெண்டு இருக்கும், கவனி. டேக் இருக்குற பாட்டுக்கு ஒண்ணு, இல்லாத பாட்டுக்கு ஒண்ணு. ரெண்டாவது 0லயே கிடக்கும். இன்னும் அளக்காத புதுப் பாட்டு ஒண்ணு நடுவுல வந்தா மத்ததைவிட 8, 10 டெசிபெல் அதிகமாப் பாயும். அதை -8 ஆக்கிடு.

பாரி: "ப்ரிவென்ட் கிளிப்பிங்"னு ஒண்ணு இருக்கே, அதை ஆன் பண்ணணுமா?

ரகு சித்தப்பா: ஆன் பண்ணு, ஆனா அது என்ன செய்யும்னு தெரிஞ்சுக்கோ. ஒரு பழைய பாட்டுக்கு கெயின் (ஏத்த வேண்டிய அளவு) +3.6, பீக் 0.97னு வெச்சுக்கோ, மேல்வரம்பு 1. 0.97க்கு மேல மிச்சம் இருக்குற இடம் 0.26 டெசிபெல்தான். முழு 3.6 ஏத்தினா அலையோட தலை வெட்டுப்பட்டு கரகரக்கும். அதனால ப்ளேயர் 0.26ஓட நிறுத்திடும். கரகரப்பு வராது, ஆனா அந்தப் பாட்டு இன்னும் முணுமுணுக்கும். "எல்லாம் பண்ணியும் சில பாட்டு மட்டும் அடங்கியே இருக்கு"ன்னு சொல்றதுக்கு முக்கால்வாசி இதான் காரணம்.

பாரி: அதுக்கு என்ன பண்றது?

ரகு சித்தப்பா: டேக் இருக்குறதோட ப்ரீஆம்பை -4 ஆக்கு, டேக் இல்லாததோட ப்ரீஆம்பையும் அதே 4 இறக்கி -12 ஆக்கு. 3.6ல 4 போனா -0.4, வெட்டே விழாது. மத்த எல்லாமும் அதே 4 இறங்கும், அதனால சமம். குறைஞ்ச சத்தத்தை ஸ்பீக்கர் குமிழ்ல ஏத்திக்கோ. பாட்டைச் சத்தமாக்கணும்னு ப்ரீஆம்பை +6 வைக்கிறவங்க இதுக்கு நேர்மாறா செய்றாங்க. பாதிப் பாட்டு ஏறும், பாதி பீக்ல முட்டி நிக்கும், சமன் குலைஞ்சிடும்.

வசந்தி அத்தை: ரகு, நான் பென் டிரைவ்ல போட்டு வண்டியிலதான் கேக்கிறேன். அதுக்கும் இதேதானா?

ரகு சித்தப்பா: இல்லக்கா. வண்டி ஸ்டீரியோ பெரும்பாலும் இந்த டேக்கைப் படிக்காது. அதுக்கு எம்பி3கெயின். எம்பி3யோட ஒவ்வொரு ஃப்ரேம்லயும் "குளோபல் கெயின்"னு ஒரு எண் இருக்கு. அந்த எண்ணை மட்டும் மாத்தும், திரும்ப என்கோட் பண்ணாது. அதனால தரம் அப்படியே இருக்கும். ஒரு படி 1.5 டெசிபெல். பாட்டு 97.2 டெசிபெல்ல இருந்தா, அந்தப் பழைய இலக்கு 89க்கு வர 8.2 இறங்கணும். 5 படி இறங்கி 7.5ல நிக்கும். மிச்சம் 0.7, காதுக்குத் தெரியாது.

தேன்மொழி: அத்தை, அசல் ஃபோல்டர்ல செய்யாதீங்க. பென் டிரைவுக்குன்னு தனியா நகல் எடுத்து அதுல செய்யுங்க. திரும்பப் பழையபடி ஆக்குறதுக்கான கணக்கை எம்பி3கெயின் ஏபிஇங்கிற ஒரு வகை டேக்லதான் எழுதி வைக்குது. வேற மென்பொருள் அந்த டேக்கைத் துடைச்சிட்டா எத்தனை படி இறங்கிச்சுன்னு தெரியாது. ஃப்ளாக்கா இருந்தா ஃபூபார் கன்வெர்ட்டர்ல எம்பி3யா மாத்தும்போதே ப்ராசஸிங்ல ரீப்ளேகெயினைப் போட்டுடலாம்.

ரகு சித்தப்பா: இன்னொண்ணு. ஏற்கெனவே ரீப்ளேகெயின் டேக் இருக்குற ஃபைல்ல எம்பி3கெயின் ஓட்டினா அந்தப் பழைய டேக் பொய்யாயிடும். ஃபைலும் 7.5 இறங்கியிருக்கும், ப்ளேயரும் டேக்கைப் பார்த்து இன்னொரு தடவை இறக்கும். ஓட்டின பிறகு கட்டாயம் மறுபடி ஸ்கேன் பண்ணணும்.

வசந்தி அத்தை: சரிப்பா. நகல் எடுத்துட்டு செய்றேன்.

தேன்மொழி: பாரி, போன்ல கேக்கிறதுன்னா டேக் ஃபைலோடயே போயிடும். ஆனா படிக்கிற ப்ளேயர் வேணும். பவர்ஆம்ப்பும் படிக்கும், ஃபூபாரோட போன் பதிப்பும் படிக்கும். போனோட கூடவே வர்ற ப்ளேயர் பலதும் கண்டுக்காது.

பாரி: 40 பாட்டு இருக்குற ஒரு ஃபோல்டரை ஆர்எஸ்கெயின்ல ஓட்டிப் பார்த்தேன். அருமையா வந்திருக்கு! ஆனா ரெண்டே ரெண்டு பழைய பாட்டு மட்டும் இன்னும் தூக்கலா இருக்கு. ஒண்ணுக்கு -1.0 போட்டிருக்கு.

தேன்மொழி: ப்ராப்பர்ட்டீஸ்ல பாரு, அந்த ரெண்டும் மோனோவா?

பாரி: ஆமாக்கா, ஒரே சேனல்!

தேன்மொழி: அதான். பிஎஸ்.1770 சேனல்களோட ஆற்றலைக் கூட்டித்தான் அளக்கும். ஒரே சேனல்னா, அதே ஒலி ரெண்டு சேனல்ல இருக்குறதைவிட 3 டெசிபெல் குறைச்சலா காட்டும். ஆனா உன் ஸ்பீக்கர் ரெண்டுலயும் அதே ஒலிதான் வருது. ஆர்எஸ்கெயின் அதை -17 எல்யூஎஃப்எஸ்னு அளந்து, -18 இலக்குக்கு வர -1 போட்டிருக்கு, நிஜத்துல அது -14. டேக்கை -4.0ன்னு கையால திருத்திடு. மோனோ நிறைய இருந்தா, "டுவல் மோனோ"ன்னு ஆப்ஷன் இருக்குற கருவியில அந்தப் பாட்டுகளை மட்டும் தனியா அளந்துக்கோ.

பாரி: திருத்திட்டேன். இப்போ பக்கத்துப் பாட்டோட ஒட்டிப் போகுது. முழுசுக்கும் ஓட்டுறதுக்கு முன்னாடி மோனோவை எல்லாம் பிரிச்சு எடுத்துடறேன்.