தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிமையின் உரிமையாளருக்காக வாதாடியவரா அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்கினார்?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிரதிநிதிகள் சபையை ஆட்டிவைத்தவர் என்று சொல்லப்படும் தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிப் படித்து வருகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் இளம் வழக்கறிஞராக இருந்த அவர், 1821இல் விடுதலை கோரிய சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண்ணுக்கு எதிராக வாதாடி வென்றிருக்கிறார். இந்த முரண்பாட்டை எவ்வாறு புரிந்துகொள்வது?

பதில் 1:
வேறு மாநிலத்து அடிமை பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கவைக்கப்பட்டால் விடுதலை பெறுவார் என்பது அன்றைய சட்டம். மேரிலாந்திலிருந்து பலமுறை அழைத்துவரப்பட்ட பட்லர் அங்கே தங்கிய காலத்தைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும். ஆனால் அது தொடர்ச்சியானதல்ல என்ற ஸ்டீவன்ஸின் வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தொழில் தர்மம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

பதில் 2:
அந்த ஒரு வழக்கோடு அவரை எடைபோட முடியாது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது என்பதற்காக, 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தார். 1842இல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்த பின், தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க வந்தவர்களை எதிர்த்து 1851இல் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானாவில் நடந்த மோதலில் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேயின் வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர், ஹான்வே விடுதலையானார்.

பதில் 3:
மனம் மாறியது உண்மைதான், ஆனால் கையாண்ட ஆயுதம் மாறவில்லை என்பதே என் கருத்து. 1865 டிசம்பரில் சபை கூடியபோது, தோற்ற தென்மாநிலங்களிலிருந்து தேர்வாகி வந்தவர்களின் பெயர்களை, ஸ்டீவன்ஸின் அணியினர் முன்கூட்டியே தீட்டிய திட்டப்படி, எழுத்தர் எட்வர்ட் மெக்பெர்சன் வருகைப் பட்டியலில் வாசிக்காமலே விட்டுவிட்டார். டென்னசியின் ஹொரஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றும், பட்டியலில் இல்லாதவருக்குப் பேச உரிமையில்லை என்று மறுக்கப்பட்டது. பட்லரைத் தோற்கடித்த அதே நுணுக்கமான சட்டவாசிப்புதான் இது. இம்முறை யாருக்காக என்பதில்தான் வேறுபாடு. தென்மாநிலத்தவரை விலக்கியதால் கிடைத்த பெரும்பான்மை இல்லாமல், கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் சம பாதுகாப்பும் தந்த பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம் 1866இல் சபையில் நிறைவேறியிருக்காது.

பதில் 1:
பதில் 3 சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாமர்த்தியத்துக்கும் எல்லை இருந்தது. பெரும் தோட்ட முதலாளிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்து, விடுதலையானவர்களுக்கு நாற்பது ஏக்கர் வீதம் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று 1865இலேயே அவர் பேசினார். சொந்தக் கட்சியினரே தனிச்சொத்தில் கைவைக்கத் தயங்கினர். 1868 ஆகஸ்டில் அவர் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை.