ஐபாடின் முதுகில் மேசைக் கணினி ஹார்டுடிஸ்க்கைக் கட்ட முடியுமா?

கேள்வி:
என்னிடம் உள்ள 30 ஜிபி ஐந்தாம் தலைமுறை ஐபாடில் இடம் நிரம்பிவிட்டது. பழைய கணினியிலிருந்து கழற்றிய, அகல நாடாக் கேபிள் வகையைச் சேர்ந்த 500 ஜிபி ஹார்டுடிஸ்க் சும்மா கிடப்பதால், அதை ஐபாடோடு இணைத்துத் தோள்பையில் சுமந்தபடி பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறேன். நடக்குமா?

பதில் 1:
ஐபாடும் உங்கள் டிஸ்க்கும் ஏடிஏ (கணினிக்கும் ஹார்டுடிஸ்க்குக்கும் இடையே தரவு பரிமாறும் முறை) வழியாகத்தான் பேசுகின்றன என்பதால், உரிய அடாப்டர் கிடைத்தால் தொடர்பு ஏற்பட வாய்ப்புண்டு. மின்சாரம்தான் சிக்கல். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். ஐபாடின் பேட்டரி தருவதோ சுமார் 3.7 வோல்ட். யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்தால் அதுவே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். மேலும், ஐபாடு பாட்டை 32 எம்பி நினைவகத்துக்கு மாற்றிவிட்டு டிஸ்க்கை நிறுத்திவிடும். தரம் குறையாத கோப்பு ஒன்றே ஏறத்தாழ அவ்வளவு இடம் பிடிப்பதால், ஏறக்குறைய ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பெரிய டிஸ்க் உறுமிக்கொண்டு எழ வேண்டியிருக்கும். நடக்கும்போது தோள்பை குலுங்கினால், தட்டின்மேல் மயிரிழையினும் நெருக்கமாக மிதக்கும், தரவைப் படிக்கும் முனை அதில் உரசிக் கீறிவிடும்.

பதில் 2:
நண்பரே, அந்தப் பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, நான்கு மைக்ரோ எஸ்டி கார்டுகள் செருகும் அடாப்டர் பலகையை வாங்குங்கள். அது ஐபாடுக்குள் அதன் சொந்த டிஸ்க் இருந்த இடத்திலேயே அடங்கும். பின்மூடியைத் திறக்கையில் ஹெட்ஃபோன் துளைக்குச் செல்லும் மெல்லிய நாடா அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
2004இல் வந்த ஐபாடு மினி இன்னும் எளிது. அதிலிருக்கும் மைக்ரோடிரைவை (மிகச் சிறிய ஹார்டுடிஸ்க்) எடுத்துவிட்டு, காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற வகை நினைவக கார்டை அப்படியே செருகலாம்.